டன்ஸ்டன் ஏரிக்கரையில் வாடகையில்லா ராத்திரி

நியூசிலாந்துக்கு கேம்பர்வேன் பயணம் என்று பேச்செடுத்தாலே முதலில் வருகிற கேள்வி, "ராத்திரி வண்டிய எங்க நிறுத்துறது?" என்பதுதான். ஹாலிடே பார்க்கில் மின்சாரம், குளியலறை, சமையற்கூடம் எல்லாம் கிடைக்கும்; ஆனால் நாலு பேர் குடும்பத்துக்குப் பல இடங்களில் ஒரு ராத்திரிக்கே ஐம்பது டாலரைத் தாண்டிவிடும். ஒரு பைசா வாங்காமல் ஏரிக்கரையிலேயே தங்க விடுகிற இடங்களும் அந்த நாட்டில் உண்டு. தென் தீவின் சென்ட்ரல் ஒடாகோ பகுதியில் இருக்கும் டன்ஸ்டன் ஏரி அப்படி ஒன்று. க்வீன்ஸ்டவுனிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் க்ரோம்வெல் என்ற சின்ன ஊர். அதைச் சுற்றி லோபர்ன், பெண்டிகோ, ஷாம்பெயின் கல்லி என்று கரையோரமாகச் சில ரிசர்வ்கள். கட்டணம் கிடையாது. வாசலில் ஒரு பலகை, சரளை போட்ட தரை, வில்லோ மரங்கள், அதற்கு அப்புறம் தண்ணீர்.

"சும்மா எவன் விடுவான்? என்னமோ இருக்கு" என்று வீட்டுப் பெரியவர்கள் சந்தேகப்படுவார்கள். சந்தேகம் சரிதான். அங்கே நீங்கள் கொடுப்பது பணமாக இருக்காது, அவ்வளவுதான். குடிக்கிற தண்ணி, கழுவின தண்ணி, கழிவறை, குப்பை எல்லாமே உங்கள் வண்டிக்குள் வந்து, உங்கள் வண்டிக்குள்ளேயே திரும்பிப் போக வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் தமிழ்க் குடும்பத்துக்கு என்றே சில சிக்கல்கள் இருக்கின்றன. வழக்கமான பயணக் குறிப்புகளில் அவை வருவதில்லை. அதனால் அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன்.

முதலில் சட்டம், சுருக்கமாக. 2011-ல் ரக்பி உலகக் கோப்பை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் நியூசிலாந்து ஃப்ரீடம் கேம்பிங் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2023-ல் அதை இறுக்கினார்கள். இப்போது இந்த மாதிரி இடங்களில் வண்டி 'செல்ஃப் கன்டெய்ன்ட்' என்று சான்று வாங்கியிருக்க வேண்டும். சான்று வாங்கிய வண்டியின் கண்ணாடியில் பச்சை நிற வாரன்ட் அட்டை இருக்கும். பழைய நீல அட்டை படிப்படியாக வழக்கிலிருந்து போகிறது. பெரிய மாற்றம் என்னவென்றால், கழிவறை வண்டிக்குள் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அலமாரிக்குள் ஒரு பிளாஸ்டிக் கழிப்பான் வைத்துக்கொண்டு "எங்ககிட்டயும் இருக்கு" என்று சொல்கிற காலம் முடிந்தது. கட்டிலை விரித்த பிறகும் அந்தக் கழிவறையைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதும் விதி. சான்றில்லாத வண்டியில் தங்கினால் 400 டாலர் அபராதம் வரலாம்.

வாடகைக்கு எடுக்கும்போது "எத்தனை பேர் படுக்கலாம்" என்று மட்டும் கேட்டால் போதாது. "எத்தனை பேருக்குச் சான்று இருக்கு?" என்றும் கேளுங்கள். பச்சை அட்டையில் அந்த எண்ணிக்கை எழுதியிருக்கும். தாத்தா பாட்டியையும் சேர்த்து ஆறு பேர் போகிறீர்கள் என்றால் ஆறு பேருக்கான அட்டை வேண்டும். குழந்தையும் கணக்கில் ஒரு ஆள்தான்.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருவோம். "அடுப்புக்குப் பக்கத்துலயே கக்கூஸா?"

இது சிரித்துவிட்டு நகர்கிற கேள்வி இல்லை. நம்மில் பலருடைய பெற்றோர் வளர்ந்த வீட்டில் கழிப்பிடம் கொல்லைப்புறத்தில் இருந்தது. சமைக்கிற இடத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு முற்றமே இருந்தது. வேனில் நடுவே இருப்பது ஒரு மெல்லிய கதவு. விறகடுப்பு காலத்திலிருந்து வந்த ஒரு அம்மாவிடம் "இதெல்லாம் இங்க சகஜம், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று சொன்னால், அவங்க வாயைத் திறக்க மாட்டாங்க. ஆனால் சாயங்காலத்திலிருந்தே தண்ணி குடிப்பதை நிறுத்திவிடுவாங்க. வயசானவர்களுக்கு அது ஆபத்து. சென்ட்ரல் ஒடாகோ கோடையில் நன்றாகவே காயும், வறண்ட காற்று வேறு. அதனால் இதைப் புறப்படுவதற்கு முன்பே வீட்டில் பேசிவிடுவது நல்லது.

பேசும்போது ஒரு தகவல் உதவும். அந்த மண்ணின் மாவோரி மக்களும் இந்த விஷயத்தில் பாட்டி கட்சிதான். சாப்பாட்டுக்குப் பயன்படுத்தும் துணியையும் உடம்புக்குப் பயன்படுத்தும் துணியையும் ஒன்றாகத் துவைக்கக் கூடாது என்பது அவர்கள் மரபு. மனிதக் கழிவு ஆற்றிலோ ஏரியிலோ கலப்பது அவர்களுக்குப் பெரிய அவமதிப்பு. பாட்டியின் கூச்சத்தை "பழைய காலம்" என்று தள்ளாமல், அந்த ஊர் ஒழுங்கோடு அது எப்படிப் பொருந்துகிறது என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? பகல் நேரத்தில் ஊருக்குள் இருக்கும் பொதுக் கழிவறையைப் பயன்படுத்துங்கள். சில ரிசர்வ்களிலும் பொதுக் கழிவறை உண்டு. வண்டியில் இருப்பதை ராத்திரிக்கு என்று ஒதுக்குங்கள். பெரியவர்கள் போகும்போது மற்ற எல்லாரும் வெளியே இறங்கி நட்சத்திரம் பார்க்கப் போய்விடுங்கள். சொல்லாமலே செய்ய வேண்டிய மரியாதை அது.

அடுத்தது தண்ணி. நாம் காகிதத்தோடு நிறுத்துகிற ஆட்கள் இல்லையே, கழுவணும். இங்கேதான் கணக்கு இடிக்கிறது. சான்றுக்கான குறைந்தபட்ச அளவு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் நல்ல தண்ணீர் வீதம் மூன்று நாளைக்கு, அதாவது 12 லிட்டர். குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ எல்லாம் அதிலேயே. கழிவறைக்குக் கீழே இருக்கும் கேசட் தொட்டி பெரும்பாலும் 20 லிட்டருக்குள்தான் பிடிக்கும். நாலு பேர், ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஒவ்வொரு தடவையும் கழுவ அரை லிட்டர், ஃப்ளஷுக்கு அரை லிட்டர் என்று வையுங்கள். அதுவே 20 லிட்டர். முதல் நாள் ராத்திரியே தொட்டியின் சிவப்பு விளக்கு எரியும். மூன்று நாள் தாங்கும் என்று சொல்லிக் கொடுத்தவர் பொய் சொல்லவில்லை. அவர் போட்ட கணக்கு காகிதத்துக்கானது.

இதற்கு வழி சுலபம்தான். பிழிந்தால் பீய்ச்சும் சின்ன பிளாஸ்டிக் பாட்டில்கள் குழந்தைப் பொருள் கடைகளிலும் மருந்துக் கடைகளிலும் கிடைக்கும். அதில் 150 மில்லி தண்ணி போதும், சுத்தமும் ஆகும். சொம்பை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எப்படியும் தினம் ஒரு தடவை டம்ப் ஸ்டேஷனுக்குப் போவது என்று திட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள். க்ரோம்வெல் மாதிரி ஊர்களில் பொது டம்ப் ஸ்டேஷன் இருக்கும்; கேம்பர்மேட் செயலியில் வழி காட்டும். கேசட்டை அங்கே மட்டும்தான் கொட்ட வேண்டும். ரிசர்வில் இருக்கும் பொதுக் கழிவறையில் கொட்டவே கூடாது. அதிலும் குழிக் கழிவறையாக இருந்தால், கேசட்டில் போடும் ரசாயனம் உள்ளே நடக்க வேண்டிய மக்குதலைக் கெடுத்துவிடும். யார் கொட்டுவது என்பது குடும்ப அரசியல். எல்லா வீட்டிலும் அது அப்பா தலையில் விழுவதைப் பார்க்கிறேன். பத்து வயசுக்கு மேல் இருக்கிற பசங்களும் கையுறை போட்டுக்கொண்டு கூட வரட்டும். தன் கழிவு எங்கே போகிறது என்று பார்க்கிற வாய்ப்பு வீட்டில் கிடைக்காது.

சமையல். வண்டியில் மின் இணைப்பு இல்லை என்பதை மறந்துவிட்டு ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு வருகிற குடும்பங்கள் உண்டு. வேன் பேட்டரி விளக்கும் போன் சார்ஜும் தாங்கும், குக்கர் தாங்காது. கேஸ் அடுப்பில் சின்ன பிரஷர் குக்கர் நன்றாக வேலை செய்யும். காலை ஆறு மணிக்கு மட்டும் விசில் விடாதீர்கள், பக்கத்து வண்டிக்காரர் எதுவோ வெடித்தது என்று வெளியே வந்து நிற்பார். தாளிப்பு வண்டிக்குள் வேண்டாம். கடுகு வெடித்து மிளகாய் காந்தினால் புகை அலாரம் கத்தும், அந்த வாசனை வாடகை வண்டியின் மெத்தையில் ஏறினால் இறங்காது. வீட்டிலேயே புளிக்காய்ச்சல், தொக்கு, பொடி எல்லாம் செய்து கொண்டுபோனால் அங்கே சோறு வடித்தால் போதும். ஆனால் வடித்த கஞ்சியை எங்கே ஊற்றுவது?

தரையில் ஊற்றக் கூடாது. "கஞ்சிதானே, செடிக்கு நல்லதுதானே" என்று தோன்றும். நம் வீட்டு வாழை மரத்துக்கு நல்லதுதான். ஒரே சரளைத் தரையில் ஒரு கோடை முழுக்க ஒவ்வொரு ராத்திரியும் வண்டிகள் கஞ்சியும் பருப்புத் தண்ணியும் ஊற்றினால் ஈயும் எலியும் நாற்றமும்தான் மிஞ்சும். கழுவின தண்ணி எல்லாம் வண்டியின் கழிவுநீர்த் தொட்டிக்கே போக வேண்டும். எண்ணெய்ப் பாத்திரத்தை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் நாள் தொட்டியிலிருந்து வருகிற வாடையில் யாரும் சாப்பிட முடியாது. வடிக்காமல் அளந்து தண்ணி வைத்துப் பொங்குவது இன்னும் நல்லது.

ஏரியில் சோப்பு போட்டுக் குளிப்பதும் துவைப்பதும் கூடாது. 'மக்கும் சோப்பு' என்று போட்டிருந்தாலும் அது மண்ணில் மக்குவதற்கானது, தண்ணீருக்கானது இல்லை. இது சும்மா ஒரு ஒழுக்கப் பேச்சு இல்லை. க்வீன்ஸ்டவுன் பக்கத்தில் ஹேய்ஸ் ஏரிக்கரையிலும் ஷாட்டோவர் ஆற்றங்கரையிலும் முன்பு இதே மாதிரி இலவசமாகத் தங்க விட்டார்கள். வண்டிகள் குவிந்தன, ஏரியில் குளியலும் துவையலும் நடந்தது, ஊர்க்காரர்கள் கொதித்தார்கள். 2018-ல் இரண்டையும் மூடிவிட்டார்கள். டன்ஸ்டன் கரை இன்னும் திறந்திருக்கிறது. அது எவ்வளவு நாளைக்கு என்பது நேற்று ராத்திரி தங்கினவர்கள் என்ன விட்டுப்போனார்கள் என்பதைப் பொறுத்தது.

வார்த்தை பற்றியும் ஒன்று சொல்லணும். 'கேம்பிங்' என்பதை அழகான தமிழில் 'முகாம்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ஈழத்திலிருந்து வந்த குடும்பங்களில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். முகாமில் இருந்தவர்கள் அதைச் சொல்லும்போது கூடாரமும் வரிசையும் தண்ணீர் பவுசரும் கண்ணுக்குள் வரும். "அம்மம்மா, நாங்கள் முகாமுக்குப் போவமே?" என்று பேத்தி துள்ளிக்கொண்டு கேட்டால் அந்தப் பக்கம் ஒரு மௌனம் வரலாம். வர மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். பகலில் வந்து சாப்பிட்டுவிட்டு, ராத்திரிக்கு அவங்களுக்கு க்ரோம்வெல்லில் ஒரு மோட்டல் அறை போட்டால் என்ன குறைந்துவிடும்? இலவச ராத்திரியில் மிச்சமான காசு அதற்கே ஆகட்டும். வந்தே தீருவேன் என்று வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்குக் கதவுப் பக்கத்துக் கட்டிலையும் கைக்கு எட்டும் ஒரு விளக்கையும் கொடுங்கள்.

இந்த ஏரிக்கே ஒரு இடப்பெயர்வுக் கதை இருக்கிறது. டன்ஸ்டன் இயற்கையான ஏரி இல்லை. மாட்டா-ஆவ் என்றும் க்ளூத்தா என்றும் அழைக்கப்படும் ஆற்றின் குறுக்கே க்ளைட் அணை கட்டியதால் உண்டானது. அணைக்குத் தண்ணீர் உரிமை கொடுப்பது நீதிமன்றத்தில் சிக்கியபோது, அரசு 1982-ல் தனிச் சட்டமே போட்டு அணையை முன்னெடுத்தது. 1992-லிருந்து 1993 வரை படிப்படியாக நீரை நிரப்பினார்கள். பள்ளத்தாக்கின் பழத்தோட்டங்கள், லோபர்ன் குடியிருப்பு, பழைய க்ரோம்வெல் கடைத்தெருவின் கீழ்ப்பகுதி எல்லாம் உள்ளே போயின. சில கட்டடங்களைக் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் திரும்பக் கட்டினார்கள்; இன்றைக்கு அது பழைய க்ரோம்வெல் என்ற பெயரில் ஏரியோரமாகவே இருக்கிறது, நடந்து பார்க்கலாம். மேட்டூரில் தண்ணி இறங்கும்போது தலைகாட்டும் பண்ணவாடி நந்தியைப் பார்த்த தாத்தாவுக்கு இதை விளக்கவே வேண்டாம். அணைக்காக அரசு கைக்கு வந்த நிலம் என்பதால்தான் இந்தக் கரைகளை லின்ஸ் என்ற அரசு நிலத்துறை இன்று பார்த்துக்கொள்கிறது. நாம் வண்டி நிறுத்துகிற தரைக்குக் கீழே கொஞ்ச தூரத்தில் யாரோ ஒருவருடைய ஆப்ரிகாட் தோட்டம் இருந்தது.

சாயங்காலம் மலைச்சரிவுப் பக்கம் நடந்தால் ஓம வாசனை மாதிரி ஒன்று வரும். தங்கம் தேடி வந்த காலத்திலிருந்து அங்கே காடாகப் பரவிய தைம் செடி அது. ஓமத்திலும் தைமிலும் இருப்பது தைமால் என்ற ஒரே எண்ணெய்ப்பொருள். ஒரு இலையைக் கசக்கிப் பாட்டியிடம் கொடுத்துப் பாருங்கள், வயிற்றுவலி வைத்தியம் ஒன்று உடனே வரும்.

டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் மறையவே ஒன்பதரை ஆகும். நல்ல இருட்டுக்குப் பத்தரை தாண்ட வேண்டும். பிள்ளைகளை அன்றைக்கு ஒரு நாள் விழித்திருக்க விடுங்கள். வடக்கே தாழ்வாக ஒரு சின்ன நட்சத்திரக் கொத்து தெரியும். அதுதான் நம் கார்த்திகை. மாவோரி மக்களுக்கு அது மாட்டாரிக்கி; குளிர்காலத்தில் அது விடியலில் மீண்டும் தெரியும் நாட்களையொட்டி வரும் புத்தாண்டுக்கு 2022-லிருந்து நாடு முழுக்க அரசு விடுமுறை. பக்கத்தில் ஓரையன் தலைகீழாக நிற்கும். ஊரில் மேலே இருக்கிற திருவாதிரை இங்கே கீழே. தெற்குப் பக்கம் திரும்பி உயரத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளை நட்சத்திரத்தைத் தேடுங்கள். தமிழ்நாட்டில் தெற்கு அடிவானத்தை ஒட்டி வந்து சீக்கிரம் மறைந்துவிடும் அகத்தியர் நட்சத்திரம் அதுதான். டன்ஸ்டன் ஏரியிலிருந்து பார்த்தால் அது வருஷம் முழுக்க மறைவதே இல்லை. தெற்கே போன முனிவரின் கதையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

பக்கத்து வண்டிகளைப் பற்றி. இரண்டு மூன்று குடும்பமாகப் போனால் வண்டிகளை வட்டமாக நிறுத்தி நடுவே பாயை விரித்து உட்காரத் தோன்றும். இடம் குறைவு, மற்றவர்களுக்கும் வேண்டும். வண்டிக்கு வண்டி இடைவெளி விட்டு, பத்து மணிக்குள் பாட்டை நிறுத்திவிடுங்கள். செர்ரி பறிக்கிற காலம் அது. பக்கத்தில் இருப்பவர் விடிவதற்கு முன் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவராக இருக்கலாம். சிலருக்கு அந்த வண்டிதான் வீடு. தங்க வேறு இடமில்லாமல் வண்டியில் வாழ்கிறவர்களை 2023 திருத்தம் ஃப்ரீடம் கேம்பர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நமக்கு அது ஒரு ராத்திரி விளையாட்டு, அவர்களுக்கு அப்படி இல்லை என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தால் எட்டிப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள்.

தண்ணீரில் இறங்குவதில் கவனம். வனாக்கா, ஹாவியா, வாக்கட்டிப்பு ஏரிகளிலிருந்து வருகிற மலைத்தண்ணி. வெயில் காய்ந்தாலும் கால் வைத்தால் சுருக்கென்று இழுக்கும். கரையிலிருந்து சட்டென்று ஆழமாகிற இடங்கள் உண்டு. நீச்சல் தெரிந்த பிள்ளைக்கும் லைஃப் ஜாக்கெட் போடுங்கள். மத்தியானத்துக்கு மேல் காற்று திடீரென்று அடிக்கும், வண்டியின் பக்கக் கூரையைத் திறந்துவைத்துவிட்டு நடக்கப் போகாதீர்கள். தீ மூட்டுவது வேண்டவே வேண்டாம். கோடையில் அந்தப் புல் பொறி பட்டால் போதும்.

ஒரு ரிசர்வில் எத்தனை ராத்திரி தங்கலாம், எங்கே நிறுத்தலாம் என்பது வாசல் பலகையில் இருக்கும். இணையத்தில் யாரோ எழுதியதை நம்பாமல் அதைப் படியுங்கள். கோடையில் மத்தியானம் மூன்று மணிக்குள் போய்ச் சேர்ந்தால் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். நிறைந்திருந்தால் ஓரத்தில் செருகப் பார்க்காமல், பணம் கட்டும் இடத்துக்குப் போய்விடுங்கள். அதற்கான காசை முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருந்தால் ராத்திரி எட்டு மணிக்குக் காரசார விவாதம் வராது.

கிளம்பும்போது குப்பைத்தொட்டி தேடாதீர்கள், பெரும்பாலும் இருக்காது. பையைக் கட்டி வண்டியில் ஏற்றுங்கள். குழந்தையின் நீச்சலுடை, காற்றடைத்த படகு, துடுப்பு, வாளி எல்லாவற்றையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். டன்ஸ்டனில் லாகரோசைஃபன் என்ற நீர்க்களை இருக்கிறது. தெற்கு ஆப்பிரிக்கப் பகுதியைச் சேர்ந்தது, ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு அடுத்த ஏரிக்குப் போனாலே போதும், அங்கே பரவிவிடும். பார்த்து, சோப்புத் தண்ணியில் கழுவி, காய்ந்த பிறகு இன்னும் 48 மணி நேரம் விட்டு அடுத்த நீரில் இறக்குங்கள். கழுவுவது ஏரியிலிருந்து தள்ளி. அப்புறம் நேராக க்ரோம்வெல், முதலில் டம்ப் ஸ்டேஷன், கையைச் சோப்பு போட்டு நன்றாகக் கழுவிவிட்டு சாலையோரப் பழக்கடை. ஜனவரியில் போனால் செர்ரியும் ஆப்ரிகாட்டும் கூடையில் இருக்கும்.